லீவு நாள் முழுவதும் வளவு வேலையில் போனது. இன்னும் ஐந்து வேலை மிச்சம்

வளவுக்காரன் | ஸ்காபரோ | திங்கள், இரவு 9.10

இன்று இங்கே கனடாவில் நன்றி நவிலல் நாள் (Thanksgiving), லீவு. அயல் வீடுகளில் வான்கோழி வாட்டும் மணம் வர, நான் காலை ஏழரைக்குக் கையுறை மாட்டியவன் இருட்டிய பிறகுதான் கழற்றினேன். மனைவி பதினொரு வேலைகளை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார். ஆறுக்குக் கோடு போட்டாயிற்று. ஐந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தக்காளிச் செடிகளைப் பிடுங்கினேன். பாவல் பந்தலைக் கழற்றிக் கம்பிகளைக் கட்டிக் கொட்டிலில் வைத்தேன். உள்ளி நாற்பது பல் நட்டேன். புல்தரையை இந்த ஆண்டுக்குக் கடைசித் தடவையாக வெட்டினேன். கூரை மழைநீர் வடியும் முன்பக்கப் பீலியில் கை நுழைத்து ஒரு வாளி சேறு எடுத்தேன். இவை எல்லாம் பாதி நாளில் முடிந்தவை. மற்றப் பாதியை இலை தின்றுவிட்டது. பதினாறு தாள் பை! மேப்பிள் மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது. நிழல் அவருக்கு, சருகு எனக்கு.

மிச்சமிருப்பவை: வெளிக்குழாயை மாரிக் குளிருக்கு மூடுவது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் வடிகட்டியை மாற்றுவது, கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுப்பது, டியூலிப் கிழங்கு நடுவது, புகை எச்சரிக்கைக் கருவிகளைச் சோதிப்பது.

எனக்குச் சனிக்கிழமையும் வேலை. ஞாயிறு மகளின் வகுப்புகளோடு போய்விடும். ஒன்ராறியோவில் இதற்குப் பிறகு அரச விடுமுறை என்றால் நத்தார் (கிறிஸ்மஸ்) தான். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் இருட்டிவிடுகிறது. நவம்பரின் முதல் ஞாயிறு, கோடை நேரம் முடிந்து மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னே தள்ளினால் ஐந்து மணிக்கே இரவு. ஆகவே இரண்டு கேள்வி. மிச்ச ஐந்தில் எதை முதலில் செய்வது? இலைக்கு நாலரை மணி நேரம் கொடுத்தது சரிதானா?

குசினிப்பூனை | மார்க்கம் | திங்கள், இரவு 9.31

அண்ணா, இதை வாசித்ததும் எழும்பிப் போய்க் குழாயை மூடுங்கள். மற்ற நான்கையும் பிறகு பேசலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது உறையாது என்று சொல்லி விற்கும் வகைக் குழாய். அதன் அடைப்பு சுவருக்குள்ளே ஓர் அடி தள்ளி, வீட்டின் சூட்டில் இருக்கும். மூடியதும் மிச்சத் தண்ணீர் வெளியே வடிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாங்கள் ஹோஸைக் கழற்றாமல் விட்டுவிட்டோம். நுனியில் ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடிய வழியில்லை, உள்ளேயே நிற்கும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். செம்பு அதற்கு இடம் கொடுக்காது, வெடிக்கும்.

இதில் பொல்லாத பகுதி என்னவென்றால், வெடித்த அன்று ஒன்றும் தெரியாது. ஜனவரியில் வெடித்ததை நாங்கள் மே மாதம்தான் கண்டுபிடித்தோம். நான் வெளியே நின்று கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அதே தண்ணீர் நிலவறையில் அரிசி மூட்டைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது.

முறை இதுதான். ஹோஸைக் கழற்றுங்கள். நிலவறையில் அந்தக் குழாய்க்கு வரும் வால்வை மூடுங்கள். பிறகு வெளிக்குழாயைத் திறந்து, *திறந்தபடியே* விடுங்கள். உள்ளே வால்வின் பக்கத்தில் ஒரு குட்டி மூடி இருந்தால் அதைத் தளர்த்தி, கீழே வாளி வையுங்கள். பத்து நிமிட வேலை.

வளவுக்காரன் | திங்கள், இரவு 9.58

நன்றி தங்கச்சி. ஹோஸைக் கழற்றினேன், உள்ளே வால்வை மூடினேன். வெளிக்குழாய் வேலிப்பக்கம், ஒரே இருட்டு. அதை நாளை திறக்கிறேன். தாளில் கோடு போட்டுவிட்டேன்.

வைகைக்கரை | மிசிசாகா | திங்கள், இரவு 10.20

வணக்கம் நண்பரே. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பதினாறு பையில் பதினான்கு தேவையில்லாதவை.

புல் வெட்டும் இயந்திரத்தை இலைகளின் மேலேயே இரண்டு முறை ஓட்டினால் அவை பொடிப்பொடியாகிப் புல்லுக்கு இடையே இறங்கிவிடும். வசந்தத்துக்குள் மட்கிவிடும். நான் இப்படிச் செய்வது இது ஆறாவது ஆண்டு. எனக்கு ஆன நேரம் முக்கால் மணி. நாம் இலையைப் பையில் கட்டி நகராட்சிக்குக் கொடுக்கிறோம். அவர்கள் அதை உரமாக்குகிறார்கள். வசந்தத்தில் நாம் கடைக்குப் போய் மூட்டை மூட்டையாக உரம் வாங்கி வருகிறோம். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதற்கு ஒரு நாள் விடுமுறை வேறு.

அப்புறம், நீங்கள் உள்ளி என்று எழுதியதைப் பூண்டு என்று புரிந்துகொள்ள எனக்கு அரை நிமிடம் ஆயிற்று.

பழையபீலி | ஸ்காபரோ | செவ்வாய், காலை 6.05

அறுபத்தொன்பது வயது, ஓய்வு பெற்றவன். எனக்கு எல்லா நாளும் லீவு. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வைகைக்கரை தம்பி சொல்வது மெல்லிய படையாக விழுந்திருக்கும் இலைக்குச் சரி. புல்லின் நுனி தெரியும் அளவுக்குப் பொடி இருந்தால் புல் பிழைக்கும். பக்கத்து வீட்டு மரம் கணுக்கால் அளவு கொட்டியிருந்தால் இயந்திரம் திக்கும். பொடி நனைந்து கம்பளம்போலப் படிந்து, அடியில் புல் அழுகும். நான் அப்படி ஒரு வசந்தத்தில் மஞ்சள் திட்டுத் திட்டாகப் புல்தரை வைத்திருந்தவன். ஆகவே பாதியைப் பொடியாக்கு, பாதியை வாரு.

மேப்பிள் இலையில் தார் சொட்டியதுபோலக் கறுப்புப் புள்ளி இருந்தால் அது பூஞ்சணம். நோர்வே மேப்பிளில் அதிகம் வரும். மரத்துக்குப் பெரிய கேடில்லை, ஆனால் விழுந்த இலையில் இருந்துதான் அடுத்த ஆண்டும் புறப்படும். அந்த இலைகளை மட்டும் பையில் கட்டி அனுப்புவது நல்லது.

பை விடயத்தில் ஒன்று. ரொறன்ரோவில் தாள் பை அல்லது மூடியில்லாத உறுதியான தொட்டிதான் எடுப்பார்கள். பிளாஸ்டிக் பையை விட்டுவிட்டுப் போவார்கள். இருபது கிலோவுக்கு மேல் பாரமானதும் அப்படியே நிற்கும். மழைக்கு முதல் நாள் இரவு தெருவோரம் வைத்தால் காலையில் அடி கழன்றுவிடும். நான் கண்டது.

பின்பக்கப் பீலியைப் பற்றி நீங்கள் எழுதவேயில்லை. தாளில் இல்லையா, மறந்துவிட்டீர்களா?

வளவுக்காரன் | செவ்வாய், காலை 6.40

ஐயா, பின்பக்கம் இரண்டு மாடி உயரம். ஏணி எட்டவில்லை. தாளில் எழுதினால் ஏற வேண்டி வரும் என்று மனைவி எழுதாமல் விட்டார்.

பழையபீலி | செவ்வாய், காலை 6.52

புத்திசாலி. அதை ஆள் வைத்துச் செய்யுங்கள். முன்பக்கத்துக்கும் ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரில் இருந்து தள்ளி நிறுத்துங்கள். அடியை ஒருவர் பிடிக்க வேண்டும். பீலியில் எட்டாததை எட்டிப் பார்க்காதீர்கள். இறங்குங்கள், ஏணியை நகர்த்துங்கள், ஏறுங்கள். விழுந்தவர்கள் எல்லாம் அந்தக் கடைசி ஒரு பிடிச் சருகுக்காகச் சாய்ந்தவர்கள்தான்.

தும்பிக்காரி | வாட்டர்லூ | செவ்வாய், காலை 8.15

இலையைப் பற்றி இன்னொரு பக்கமும் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகளில் சில கூட்டுப்புழுவாக இலைகளுக்கு இடையில்தான் மாரியைக் கழிக்கின்றன. பெரிய வண்டுத்தேனீயின் அரசி மட்டும் இலையும் மண்ணும் மூடிய பொந்தில் தனியாக உறங்கிப் பிழைக்கிறது. அதன் கூட்டம் முழுவதும் இலையுதிர் காலத்தில் இறந்துவிடும். நாம் வாரிக் கட்டும் பையில் அடுத்த ஆண்டின் பூசணிப் பூவுக்கு வர வேண்டியதும் போகிறது. பொடியாக்கினால் அதுவும் பொடியாகும், வைகைக்கரை அண்ணா.

பழையபீலி | செவ்வாய், காலை 8.31

பிள்ளை, அப்படிப் பார்த்தால் வீட்டையே காட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். நடைபாதையில் நனைந்த இலையில் வழுக்கித் தபால்காரர் விழுந்தால் தேனீ வந்து தூக்குமா?

தும்பிக்காரி | செவ்வாய், காலை 8.44

ஐயா, நடைபாதையில் விடச் சொல்லவில்லையே! வேலியோரம், பூமரங்களுக்கு அடியில், மரத்தைச் சுற்றி. அங்கே யாரும் நடப்பதில்லை. புல்தரையில் இருந்து வாரி அங்கே தள்ளினால் பையும் மிச்சம், வேரும் குளிருக்குத் தப்பும். வளவுக்காரன் அண்ணா நட்ட உள்ளிக்கும் நான்கு விரல் உயரத்துக்கு அதே இலைதான் போர்வை.

பழையபீலி | செவ்வாய், காலை 8.50

இதை முதலே சொல்லியிருக்கலாம். வேலியோரம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வளவுக்காரன் | செவ்வாய், மதியம் 12.15

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். பதினாறு பையில் நான்கை இன்று மாலை அவிழ்க்கப் போகிறேன். கட்டியதை அவிழ்ப்பதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ.

உள்ளியைப் பற்றியும் ஒரு சந்தேகம். பலசரக்குக் கடையில் கறிக்கு வாங்கியதைத்தான் பல் பல்லாகப் பிரித்து நட்டேன். முளைக்குமா?

பழையபீலி | செவ்வாய், மதியம் 1.02

முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். கடைக்கு வருவது பெரும்பாலும் வெப்பமான இடத்து இனம். முளைக்காதிருக்கப் பதப்படுத்தியதும் உண்டு. இங்கே நடுவதற்கு நடுத்தண்டு கெட்டியாக வரும் இனம்தான் ஏற்றது. உழவர் சந்தையில் கிடைக்கும். கூர்ப்பக்கம் மேலே, இரண்டு அங்குல ஆழம், ஒரு சாண் இடைவெளி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. மண் இறுகுவதற்கு நான்கு, ஐந்து கிழமைக்கு முன்னால் நட்டால் வேர் பிடித்துவிடும், முளை பெரிதாக வராது. ஆகவே இப்போதுதான் காலம்.

குளிர் அதற்குத் தண்டனை இல்லை, தேவை. குளிர் படாமல் வளர்ந்தால் பல் பிரியாமல் ஒற்றைக் குண்டாக நின்றுவிடும். ஜூனில் சுருண்டு வரும் பூத்தண்டை ஒடித்து வறை செய்யுங்கள். ஜூலையில் கிண்டி எடுக்கலாம்.

வைகைக்கரை | செவ்வாய், மாலை 6.30

இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று. ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. மண்ணில் எதைப் போட்டாலும் பிடிக்கும் மாதம். இங்கே அதே மாதத்தில் பிடுங்கிக் கட்டி மூடுகிறோம். பதினான்கு ஆண்டு ஆகியும் என் கைக்கு இது பழகவில்லை. அக்டோபர் வந்தால் விதைப் பொட்டலத்தைத் தேடுகிறது.

‘இலையுதிர் காலம்’ என்ற சொல்லே நம் மண்ணுக்கு ஒட்டாது. தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்ற குளிர்காலம். எங்கள் தெரு வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில்.

பழையபீலி | செவ்வாய், இரவு 7.15

எங்கள் பக்கத்திலும் இது மாரி மழையை நம்பி விதைக்கும் காலபோக நெல் மண்ணில் இருக்கும் நேரம். ஆனால் மூடும் வேலை அங்கேயும் இருந்தது தம்பி. மாரி இறங்குமுன் கூரைக்குக் கிடுகு மாற்றுவது, வாய்க்கால் வெட்டி விடுவது, விறகைத் திண்ணைக்கு ஏற்றுவது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லாரையும் நிரையாக நிறுத்திக் கிடுகு கைமாற்றுவார். கடைசியில் ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டும் தேநீரும். அங்கே மழைக்குச் செய்ததை இங்கே பனிக்குச் செய்கிறோம். பீலி இரண்டு இடத்திலும் பீலிதான்.

சாய்மனைக்கதிரை | ஏஜாக்ஸ் | செவ்வாய், இரவு 9.40

எல்லாரும் குறை நினைக்கக் கூடாது. ஓர் ஆண்டில் கிடைக்கும் சில நாள் லீவில் ஒன்றை இப்படிக் குப்பைவாரியோடு கழிப்பது எனக்குப் புரியவேயில்லை. நான் நேற்றுப் பத்து மணிக்கு எழுந்து, பிள்ளைகளோடு அல்கொன்குயின் காட்டுப் பூங்காப் பக்கம் போய் அதே மேப்பிள் இலைகளை *மரத்தில்* பார்த்துவிட்டு வந்தேன். வளவுக்கு ஆள் வருவார். காசு கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போவார்.

வளவுக்காரன் | செவ்வாய், இரவு 10.05

போன ஆண்டு ஆள் வைத்தேன். உறுமும் ஊதியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். இலையோடு என் மனைவியின் செவ்வந்தியையும் ஊதிக்கொண்டு போனார். மே மாதம் பூக்க வேண்டிய லைலாக்கை ‘அழகாக’க் கத்தரித்துவிட்டார். அது அடுத்த ஆண்டுக்கான மொட்டைக் கோடையிலேயே கட்டி வைத்திருக்கும் மரம். இந்த வசந்தத்தில் ஒரு பூ இல்லை. பூத்து முடிந்த கையோடுதான் அதை வெட்ட வேண்டும் என்று பிறகுதான் படித்தேன்.

காசையும் பூவையும் விடுங்கள். கிழமையில் ஆறு நாள் கணினித் திரைக்கு முன்னால் இருக்கிறேன். அங்கே நான் முடித்த எதையும் கையால் தொட்டது கிடையாது. பதினாறு பையை எண்ணலாம். நேற்று இரவு முதுகு பிடித்துக்கொண்டது, ஆனால் படுத்த உடனே தூங்கினேன்.

அல்கொன்குயின் போக வேண்டும் என்று மகளும் கேட்டாள். அது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சாய்மனைக்கதிரை | செவ்வாய், இரவு 10.12

அவளுக்கும் ஒரு குப்பைவாரி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் என் பயம்.

பதினேழாம்மாடி | வட யோர்க் | புதன், காலை 7.50

வளவே இல்லாத நான் எட்டிப் பார்க்கிறேன். என் உலகம் பல்கனியில் ஒரு கறிவேப்பிலைச் சாடி. வளவுக்காரன் அண்ணாவின் தாளில் அது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. அவசரம் இல்லையா? போன மாரியில் என்னுடையது டிசம்பரில் முழுக்க மொட்டையாகி, பிப்ரவரியில் இறந்தும்விட்டது. இது இரண்டாவது கன்று.

குசினிப்பூனை | புதன், காலை 8.20

அவசரம்தான். இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே போகத் தொடங்கினால் உள்ளே எடுத்துவிட வேண்டும். இப்போதே பிந்திவிட்டது, இன்று எடுங்கள்.

ஆனால் அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள். குளியலறையில் வைத்து இலையின் *அடிப்பக்கத்தை* நன்றாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். சவர்க்காரத்தைக் கொஞ்சம் கரைத்துத் துடைத்து, மறுபடி கழுவுங்கள். செதில் பூச்சியும் சிலந்திப்பேனும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஃபர்னஸ் ஓடத் தொடங்கினால் வீட்டுக் காற்று காய்ந்துவிடும். சிலந்திப்பேனுக்கு அது கொண்டாட்டம். தெற்கு யன்னல் நல்லது, சூடு வரும் துவாரத்துக்கு மேலே வைக்கக் கூடாது.

மொட்டையானதற்குச் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. வெளிச்சம் குறைந்தால் இலையைக் கொட்டிவிட்டு உறங்கும். அந்த நேரத்தில் தண்ணீரையும் குறைக்க வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்?

பதினேழாம்மாடி | புதன், காலை 8.26

வாடுகிறதே என்று ஒவ்வொரு நாளும் ஊற்றினேன்.

குசினிப்பூனை | புதன், காலை 8.29

நானும் முதலாவதை அப்படித்தான் கொன்றேன். மண்ணுக்குள் விரலை விடுங்கள். இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நகத்தால் தண்டைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். பச்சை இருந்தால் மார்ச் வரை பொறுங்கள்.

யாராஆற்றோரம் | மெல்பேர்ண் | புதன், காலை 9.00

இங்கே எங்களுக்கு இது வசந்தம், தக்காளிக் கன்று வாங்கும் நேரம். உங்கள் இழையைச் சேமித்து வைத்துக்கொண்டு ஏப்ரலில் திறக்கிறேன். எங்கள் இலையுதிர் கால லீவு பெரிய வெள்ளிக்கிழமை. பீலி எங்களுக்கு வசந்தத்திலும் வேலை தரும்: கோடையில் காட்டுத்தீப் பொறி பறந்து வந்தால் முதலில் பிடிப்பது பீலியில் காய்ந்து கிடக்கும் சருகுதான்.

வளவுக்காரன் | புதன், இரவு 8.45

கறிவேப்பிலை குளித்து உள்ளே வந்துவிட்டது. ஃபர்னஸ் வடிகட்டியும் மாற்றினேன். பழையது கம்பளி ஆட்டைப் போலிருந்தது. சட்டத்தில் ஓர் அம்புக்குறி இருக்கிறது, காற்று போகும் திசையில், ஃபர்னஸைப் பார்த்தபடி இருக்க வேண்டும். போன தடவை தலைமாற்றிப் போட்டிருக்கிறேன். புகைக் கருவிகளில் மேல்மாடியில் இருப்பதன் பின்புறம் 2013 என்று போட்டிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கத்துகிறது.

பழையபீலி | புதன், இரவு 9.02

கத்துவது மணி, புகையை மணக்கும் பகுதி வேறு. அதன் ஆயுள் பத்து ஆண்டுதான். கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள். படுக்கையறைப் பக்கம் கார்பன் மொனொக்சைட் கருவி இருக்கிறதா? எரிவாயு ஃபர்னஸ் உள்ள வீட்டுக்கு அது சட்டப்படியே வேண்டும். பின்னால் இருக்கும் ஆண்டை அதிலும் பாருங்கள்.

வைகைக்கரை | புதன், இரவு 9.30

ஒரு முக்கியமான விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். பிடுங்கிய தக்காளிச் செடியில் இருந்த காய்கள் என்னவாயின?

வளவுக்காரன் | புதன், இரவு 9.41

மனைவி பதில் தரச் சொல்கிறார். வெளிறத் தொடங்கியவற்றை ஒரு வாழைப்பழத்தோடு தாள் பையில் போட்டிருக்கிறார், அவை பழுக்குமாம். குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் வைக்கக் கூடாதாம். கல்லாக இருந்த கரும்பச்சைக் காய்களை நாலாக வெட்டி, வெந்தயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பால்கறி. நேற்றும் அதுதான், இன்றும் அதுதான்.

வைகைக்கரை | புதன், இரவு 9.50

உளுத்தம்பருப்பும் மிளகாய் வற்றலும் நல்லெண்ணெயில் வறுத்து, காயையும் வதக்கித் துவையலாக அரைத்துப் பாருங்கள். பால்கறியில் இருந்து விடுதலை கிடைக்கும்.

வளவுக்காரன் | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.15

கணக்குச் சொல்ல வந்திருக்கிறேன். மணிக்கூடு பின்னே போயாயிற்று. நான்கு பை இலை வேலியோரமும் உள்ளிப் பாத்தியிலும். புதிய புகைக் கருவி மேல்மாடியில். டியூலிப் கிழங்குகள் மட்டும் இன்னும் கொட்டிலில், வாங்கிய பையிலேயே. ஐயா, பிந்திவிட்டதா?

பழையபீலி | ஞாயிறு, இரவு 8.22

மண்வெட்டி இறங்குகிறதா? இறங்கினால் பிந்தவில்லை. கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழம். மேலே கோழிக்கூட்டு வலையை விரித்து மண்ணை மூடுங்கள், இல்லாவிட்டால் அணில் நாளைக் காலையே சாப்பிட்டுவிடும். நார்சிசஸ் கிழங்கு வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அது நஞ்சு, அணில் தொடாது.

வளவுக்காரன் | ஞாயிறு, இரவு 10.10

நட்டுவிட்டோம். மகள் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வந்தாள். எந்தப் பக்கம் மேலே என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். பத்துக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். முப்பதில் எத்தனை தலைகீழாகப் போயிற்றோ தெரியாது.

பழையபீலி | ஞாயிறு, இரவு 10.14

தலைகீழாகப் போனாலும் வரும். சுற்றி வருவதால் கொஞ்சம் பிந்தும்.

குசினிப்பூனை | ஞாயிறு, இரவு 10.20

அண்ணா, அன்று வெளிக்குழாயை நாளை திறக்கிறேன் என்றீர்கள். திறந்தீர்களா?

வளவுக்காரன் | ஞாயிறு, இரவு 10.21

ஒரு நிமிடம்.

வளவுக்காரன் | ஞாயிறு, இரவு 10.29

மூடித்தான் இருந்தது. இப்போது திறந்துவிட்டேன். அரைக் கோப்பைத் தண்ணீர் வந்தது.